கால் மறைத்ததை மோட்டார் காட்டிவிடும்

பழைய கறுப்புத் தையல் மிஷினுக்கு மோட்டார் போட்டவர்களிடம் ஒரு மாதம் கழித்துப் போய் விசாரித்துப் பாருங்கள். "அதையேன் கேக்கறீங்க, ஒரே சத்தம். பெல்ட் வேற கழண்டு கழண்டு போகுது. தூக்கிப் பரண்ல போட்டாச்சு" என்பார்கள். மோட்டார் செய்தவனுக்கும் திட்டு, விற்ற கடைக்காரருக்கும் திட்டு. நான் பார்த்த வரையில் அந்த மோட்டார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கோளாறும் கிடையாது. மாட்டியது கோணலாக இருக்கும். இல்லையென்றால் பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் மிஷினே உள்ளுக்குள் இறுகிக் கிடந்திருக்கும். மோட்டார் போட்டால் ஓடிவிடும் என்று நம்பிப் போட்டிருப்பார்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முதல் விஷயம். மிதித்துத் தைக்கிறவருக்கு மிஷின் எங்கே கனக்கிறது என்று கால் சொல்லிவிடும். கனத்தால் இன்னும் கொஞ்சம் அழுத்துவோம், தடித்த மடிப்பு வந்தால் கையால் சக்கரத்தைத் தள்ளிவிடுவோம். இப்படியே வருஷக்கணக்கில் மிஷினின் நோயைக் கால் தாங்கிக்கொண்டு வந்திருக்கும். மோட்டாருக்கு இந்தச் சலுகை செய்யத் தெரியாது. இறுக்கம் இருந்தால் உறுமும், சூடாகும், பெல்ட்டைத் தேய்க்கும். அதனால் மோட்டார் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் மிஷினைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர் சிறுவாச்சூர். பெரம்பலூருக்குத் தெற்கே, சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது. மதுரகாளியம்மன் கோயிலைச் சொன்னால் பலருக்குத் தெரியும். அம்மன் திங்களும் வெள்ளியும் இங்கே, மற்ற நாளெல்லாம் பெரியசாமி மலையில் என்பது ஐதீகம்; விசேஷ நாட்கள் தவிர கோயில் அந்த இரண்டு கிழமைதான் திறந்திருக்கும். இதற்கும் தையலுக்கும் என்ன சம்பந்தம் என்றால், எங்கள் தெருவில் வீட்டில் உட்கார்ந்து ரவிக்கை தைக்கிற பெண்களுக்கு ஞாயிறு ராத்திரியும் வியாழன் ராத்திரியும்தான் நெருக்கடி. விடிந்தால் மாவிளக்குப் போடப் போகிறவர்களுக்குப் புது ரவிக்கை வேண்டும். சித்திரைத் திருவிழா சமயத்தில் சொல்லவே வேண்டாம். முழங்கால் வலியோடு மிதித்துக்கொண்டிருந்த அக்காமார்கள் ஒவ்வொருவராக மோட்டாருக்கு மாறினார்கள். நானும் மாறினேன். எனக்கு அம்மாவிடமிருந்து மிஷினும் வந்தது, முழங்கால் வலியும் வந்தது.

அம்மாவுடையது சிங்கர் 15கே. அந்தக் 'கே' என்பது கில்போவி. ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் 1885ல் திறந்த சிங்கர் தொழிற்சாலைக்கு அந்தப் பெயர். நம் பாட்டிமார் வீடுகளுக்கு வந்த சிங்கர் மிஷின்களில் பெரும்பாலானவை அங்கே வார்த்தவைதான். 1980ல் அதை மூடிவிட்டார்கள். ஆலை போய்விட்டாலும் அந்த ஊர் ரயில் நிலையத்துக்கு இன்றும் 'சிங்கர்' என்றுதான் பெயர். எதிர் வீட்டு அக்காவிடம் இருப்பது உஷா. அது கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் செய்தது. அந்த ஆலை இருந்த பிரின்ஸ் அன்வர் ஷா ரோடு இடத்தில் இப்போது சவுத் சிட்டி என்ற அடுக்குமாடிகளும் மாலும் நிற்கின்றன. ஆலைகள் இரண்டும் போன பிறகும் மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மெரிட் என்று எழுதிய மிஷின் உங்களிடம் இருந்தால் அதுவும் சிங்கர் குடும்பம்தான். 1851ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ஐசக் மெரிட் சிங்கரின் நடுப்பெயர் அது. இந்த மூன்று வகையிலும் வீட்டு உபயோக மாடல்களின் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றே. நான் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதல் வேலை: தோல் வாரைக் கழற்றிவிட்டு, பாதத்தைத் தூக்கிவைத்து, நூலையெல்லாம் எடுத்துவிட்டு, கைச்சக்கரத்தை ஒற்றை விரலால் உங்கள் பக்கமாகச் சுற்றுங்கள். ஊசி ஏறி இறங்கும் முழுச் சுற்றிலும் ஒரே கனம் இருக்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் கனத்தால் ஏதோ உரசுகிறது; பெரும்பாலும் ஷட்டில் குழியில் நூல் சிக்கியிருக்கும், அல்லது பல்லுக்கு அடியில் பஞ்சு கெட்டியாகிப் போயிருக்கும். எங்கள் மாவட்டம் பருத்திக்காரர்கள் மாவட்டம், தைப்பதும் பெரும்பாலும் பருத்தித் துணி. ஊசித் தட்டின் இரண்டு திருகையும் கழற்றிப் பார்த்தால் பல்லின் இடுக்கில் கம்பளித் துண்டு மாதிரியே ஒன்று உட்கார்ந்திருக்கும். ஊக்கு வைத்துக் கிண்டி எடுங்கள்.

சுற்று முழுக்க ஒரே மாதிரி கனத்தால் அது எண்ணெய்ப் பிசின். நம் வீடுகளில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு: தேங்காய் எண்ணெய். மிஷின் எண்ணெய் தீர்ந்துபோன அவசரத்தில் தலைக்கு வைக்கிற பாட்டிலை எடுத்து நாலு சொட்டு விட்டிருப்பார்கள். அன்றைக்கு நன்றாகத்தான் ஓடும். நாளாக ஆகக் காற்றுபட்டுப் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். மார்கழிக் குளிரில் கேட்கவே வேண்டாம். இதற்குப் பழைய மெக்கானிக்குகளின் வைத்தியம் மண்ணெண்ணெய். எண்ணெய் விடும் ஓட்டை ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு விட்டு, கையால் நன்றாகச் சுற்றி, கறுப்பாக வழிவதைத் துடைத்து, மறுபடி விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, அப்புறம் மிஷின் எண்ணெய். அடுப்புப் பக்கம் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள். தின்னர், ஸ்பிரிட், கைகழுவும் சானிடைசர் எதையும் மிஷினின் உடம்பில் தொட வேண்டாம். தங்க நிறப் பூ வேலையின் மேல் இருக்கும் மெருகு கரைந்து, பூவும் சேர்ந்து போய்விடும். அந்தப் பூ போன மிஷினும் நன்றாகத்தான் தைக்கும், ஆனால் பார்க்கச் சகிக்காது.

ஒற்றை விரலுக்கு மிஷின் இணங்கிவிட்டதா? இப்போது மோட்டாரைப் பேசலாம்.

கடையில் கிடைக்கும் சின்ன மோட்டார் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு ஹெச்.பி., அல்லது அதற்குப் பக்கம். ஒரு ஹெச்.பி. 746 வாட் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகமிருந்தால், இது ஏறக்குறைய 75 வாட், பழைய குண்டு பல்பு ஒன்று எரிக்கும் கரண்ட். மிக்ஸியில் இருப்பதும் இதே இனம்தான். உள்ளே இரண்டு கார்பன் துண்டுகள் சுழலும் செம்பின் மேல் உரசிக்கொண்டிருக்கும். பாரம் இல்லாவிட்டால் தலைதெறிக்க ஓடும், பாரம் ஏறினால் வேகம் குறையும். பெல்ட் மாட்டாமல் சோதித்துப் பார்க்கும்போது பெடலை முழுசாக மிதிக்க வேண்டாம் என்பது இதனால்தான். பாதி மிதித்துச் சில வினாடி ஓடவிட்டு, கரகரப்பு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். அந்தச் சத்தம் காதில் பதிந்துவிட்டால், பெல்ட் மாட்டிய பிறகு வரும் புதுச் சத்தம் எதனால் என்று பாதி தெரிந்துவிடும்.

மிஷின் தூணின் பின்பக்கம், கைச்சக்கரத்துக்குக் கீழே, நடுவில் மரையோடு ஒரு குமிழ் புடைத்திருக்கும். மோட்டாரின் தாங்கி அங்கேதான் உட்காரும். மிகப் பழைய தலைகளில் இந்தக் குமிழே இருக்காது. மின்சாரம் வீட்டுக்கு வரும் என்று நினைக்காத காலத்து வார்ப்பு. அந்த மாதிரி தலையை வைத்திருப்பவர்கள் இரும்பில் ஓட்டை போட்டு மோட்டார் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. ஸ்டாண்டின் மரப்பலகையில் மோட்டாரை வைக்கும் தாங்கிகள் இருக்கின்றன, அதை வாங்கிக்கொள்ளலாம்.

குமிழ் இருந்தால், அதன் முகத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். காய்ந்த எண்ணெயும் பெயின்டும் ஒரு பக்கம் மேடாக ஒட்டியிருந்தால் தாங்கி அந்தக் கணத்திலேயே கோணலாகிவிடும். போல்ட்டை முதலில் விரலால் மட்டுமே திருகிப் பாருங்கள். சிங்கர்காரர்கள் பல திருகுகளுக்குத் தங்கள் சொந்த மரை அளவையே வைத்திருந்தார்கள். ஹார்டுவேர் கடை போல்ட் ஒன்றிரண்டு சுற்று ஏறிவிட்டு நிற்கும். அங்கே ஸ்பேனர் போட்டு முறுக்கினால் உள் மரை போச்சு. விரலில் சுகமாக ஏறும் போல்ட்டுதான் சரியான போல்ட். அதற்கு ஒரு ஸ்பிரிங் வாஷர் கட்டாயம் போடுங்கள். அது இல்லாவிட்டால் மோட்டார் அதிர்வில் போல்ட் மெல்ல மெல்லத் தளரும், நேற்று நேராக ஓடிய பெல்ட் இன்று ஏன் கழல்கிறது என்று மண்டையைக் குழப்பிக்கொள்வோம்.

இனி நேர் பார்ப்பது. மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் புல்லியின் பள்ளமும், கைச்சக்கரத்தின் பள்ளமும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இதைக் கண்ணால் பார்த்து "நேரா தான் இருக்கு" என்று சொல்வதை நம்பவே கூடாது. ஸ்கேல் வைத்துப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். அதிலும் ஒரு வில்லங்கம்: கைச்சக்கரத்தின் விளிம்பு தடிமன் வேறு, புல்லியின் விளிம்பு தடிமன் வேறு. விளிம்புக்கு விளிம்பு ஸ்கேல் தொட்டாலும் பள்ளத்துக்குப் பள்ளம் விலகித்தான் இருக்கும்.

பெரம்பலூரில் மிஷின் ரிப்பேர் பார்க்கும் ஒரு அண்ணன் எனக்குக் காட்டிக்கொடுத்த வழி கொத்தனார் வழி. தையல் நூலின் ஒரு முனையில் ஒரு இரும்பு பாபினைக் கட்டுங்கள். நூலைக் கைச்சக்கரத்தின் பள்ளத்தில் போட்டு, பாபினைப் பின்பக்கமாகத் தொங்க விடுங்கள். தூக்குக் குண்டு தயார். "பின்னால போய் ஒத்தக் கண்ணால பாரும்மா. நூலு புல்லிப் பள்ளத்துக்கு நடுவுல தெரியணும். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தெரிஞ்சா பெல்ட் உன்கூடச் சண்டை போடும்" என்றார். மேசை மட்டமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. எங்கள் வீட்டுத் தரை வாசல் பக்கம் சரிவு. ஸ்டாண்டின் ஒரு காலுக்கு அடியில் தகடு வைத்து, ரசமட்டம் பார்த்த பிறகுதான் நூல் உண்மையைச் சொன்னது.

இதில் விலகல் இரண்டு விதம். ஒன்று, புல்லி நேராகத்தான் இருக்கிறது, ஆனால் இடமோ வலமோ தள்ளியிருக்கிறது. புல்லியின் கழுத்தில் சின்னத் தலையில்லாத திருகு ஒன்று இருக்கும். அதைத் தளர்த்திப் புல்லியைத் தண்டிலேயே நகர்த்திக்கொள்ளலாம். மோட்டாரின் உடம்போடு புல்லி உரசாத அளவு இடைவெளி விடுங்கள். அந்த நகர்த்தல் போதாவிட்டால் குமிழுக்கும் தாங்கிக்கும் நடுவே வாஷர் சேர்த்து மோட்டாரையே தள்ளி நிறுத்தலாம். இரண்டாவது விதம் தொந்தரவானது: மோட்டாரே சாய்ந்திருப்பது. நூல் புல்லியின் மேல் விளிம்பில் நடுவாகவும் கீழ் விளிம்பில் ஓரமாகவும் தெரிந்தால் இதுதான். விலை மலிந்த தாங்கிகள் தகரத்தை மடித்துச் செய்தவை, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே வளைந்திருக்கும். கையால் வளைத்து நிமிர்த்தலாம், ஆனால் திரும்ப வளையும். பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு தகடு வெட்டி, தாழ்ந்திருக்கும் பக்கம் மட்டும் குமிழுக்கும் தாங்கிக்கும் இடையே செருகி இறுக்குவது நிலைக்கும். அட்டையை மடித்து வைக்காதீர்கள், இரண்டு நாளில் நசுங்கிவிடும்.

நூலெல்லாம் பிடிக்கச் சோம்பலா? ஓட்டிப் பார்த்த பிறகு மேசையைப் பாருங்கள். புல்லிக்கு அடியில் கறுப்பு ரப்பர் பொடி விழுந்திருந்தால் பெல்ட் ஏதோ ஒரு பக்கச் சுவரில் உரசுகிறது. பெல்ட்டைக் கழற்றி இரண்டு பக்கமும் தடவினால் ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாக இருக்கும். அந்தப் பக்கம்தான் உரசல்.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துக்கொள்ள வேண்டும். பெல்ட் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே ஓடினால் பலரும் மோட்டாரை மறுபடி மறுபடி நகர்த்துவார்கள். ஆட்டம் கைச்சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்கு ஒருமுறை வருகிறதா என்று கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். அப்படியானால் குற்றம் சக்கரத்தில் இருக்கிறது. எப்போதோ மிஷின் கீழே விழுந்து சக்கரம் லேசாக வளைந்திருக்கும். பென்சிலை மேசையில் ஊன்றி, முனையைச் சக்கரத்தின் விளிம்புக்குப் பக்கத்தில் நிறுத்திச் சுற்றினால் இடைவெளி கூடிக் குறைவது தெரியும். லேசான ஆட்டத்தோடு வாழலாம். அதிகமென்றால் பழைய மிஷின் உதிரி விற்பவரிடம் வேறு சக்கரம் வாங்கிப் போடுவதுதான் வழி. வார்ப்பிரும்பைச் சுத்தியால் தட்டி நிமிர்த்த நினைத்தால் உடைந்துவிடும்.

சக்கரத்தைக் கழற்றியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நடுவில் இருக்கும் பெரிய திருகைத் தளர்த்தினால் சக்கரம் மட்டும் சுற்றும், ஊசி அசையாது. பாபினில் நூல் சுற்ற இந்த ஏற்பாடு. அதற்குள் மூன்று காது வைத்த ஒரு வாஷர் இருக்கிறது. அதைத் திருப்பிப் போட்டுவிட்டால் திருகைத் தளர்த்தினாலும் சக்கரம் ஊசியை விடாது, அல்லது இறுக்கினாலும் பிடிக்காது. பாதிச் சுற்றுத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். இதற்காக மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காசு கொடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

பெல்ட் இறுக்கம். இதில்தான் எல்லோரும் எல்லை மீறுகிறார்கள், கடைக்காரர்கள் உட்பட. தாங்கியில் ஒரு நீளத் துவாரம் இருக்கும். மோட்டாரைக் கீழே இழுத்து அந்த இடத்தில் இறுக்கினால் பெல்ட் விறைக்கும். விறைப்பாக இருந்தால்தான் வழுக்காது என்று நினைப்பு. உண்மையில் வழுக்காமல் ஓடக்கூடிய மிகத் தளர்ந்த நிலை எதுவோ அதுதான் சரியான இறுக்கம். பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் உள்ளே போக வேண்டும். பெடலை மெதுவாக அழுத்தும்போது சக்கரம் தயங்காமல் கிளம்ப வேண்டும். கிளம்பவில்லை, கீச்சென்று சத்தம் வருகிறது என்றால் மோட்டாரைக் கொஞ்சமாக இறக்கி மறுபடி பாருங்கள். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இறுக்கமான பெல்ட் மோட்டார் தண்டை எந்நேரமும் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். தண்டு உட்காரும் புஷ் நீள்வட்டமாகத் தேயும். மேலே மிஷினின் பிரதான தண்டுக்கும் அதே கதி. மோட்டார் போனால் வேறு வாங்கலாம். கில்போவியில் கடைந்த புஷ் போனால் எங்கே போவது?

புது ரப்பர் பெல்ட் முதல் சில நாளில் கொஞ்சம் நீளும், ஒருமுறை மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். அளவு தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள். மோட்டாரைத் துவாரத்தின் நடுவில் நிறுத்தி, நூலால் இரண்டு பள்ளத்தையும் சுற்றி அளந்து, அந்த நூலையே எடுத்துக்கொண்டு போங்கள். பழைய பெல்ட்டைக் காட்டி அதே நீளம் கேட்டால் நீண்டுபோன நீளம்தான் கிடைக்கும்.

வேகத்தைப் பற்றி எதிர் வீட்டு அக்காவோடு எனக்கு இன்னும் வழக்கு நடக்கிறது. "பெரிய புல்லியாப் போட்டுக்குடு, சீக்கிரம் முடியும்ல" என்கிறார். கணக்கு எளிது. கைச்சக்கரப் பள்ளத்தின் விட்டம் புல்லியைப் போல ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் ஐந்து சுற்று சுற்றினால் ஒரு தையல் விழும். துணியோடு ஓடும்போது மோட்டார் நிமிஷத்துக்கு 5000 சுற்று என்றால் 1000 தையல். வீட்டு மிஷினுக்கு அது தாராளம். காலால் மிதித்தால் அதில் பாதியே அதிகம். புல்லியைப் பெரிதாக்கினால் வேகம் கூடும், ஆனால் தள்ளும் சக்தி குறையும். அக்கா தைப்பதில் பாதி ஜீன்ஸ் பேண்ட் அடிப்பகுதி மடிப்பு. அங்கே தேவை சக்தி. "அப்ப நீயே வந்து ராத்திரி தெச்சுக் குடு" என்பது இதற்கு அவர் பதில்.

சக்கரம் சுற்றும் திசையையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். சக்கரத்தின் மேல்பகுதி தைப்பவர் பக்கமாக வர வேண்டும். எதிர்த் திசையில் சுற்றும் மோட்டாரை மாட்டிவிட்டால் நூல் அடியில் பந்தாகச் சிக்கிக்கொண்டே இருக்கும், ஊசியையும் டென்ஷனையும் மாற்றி மாற்றிப் பார்த்தாலும் தீராது. திசையை மாற்ற மோட்டாருக்குள் கம்பி மாற்ற வேண்டும். அது எலக்ட்ரீஷியன் வேலை.

மின்சாரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மிஷின் முழுக்க இரும்பு, நாம் அதன் மேல் இரண்டு கையையும் வைத்துத் தைக்கிறோம், கால் பெரும்பாலும் வெறுங்கால். பழைய மோட்டாரின் ரப்பர் ஒயர் வெடித்துப் பொடிந்திருந்தால் அதை ஓட்டிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். மோட்டார் ஓடும்போது மிஷின் உடம்பில் டெஸ்டர் வைத்து விளக்கு எரிந்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். எலக்ட்ரீஷியனிடம் மூன்று முள் பிளக் போட்டு, உடம்புக்கு எர்த் கொடுக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த மோட்டார் என்றால் தகட்டில் 110 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். நம் 230ல் போட்டால் புகைதான் வரும். கார்பன் இருக்கும் இடத்தில் சின்ன நீலப் பொறி சகஜம். மஞ்சள் பொறி வளையமாகச் சுற்றினால் கார்பன் தேய்ந்துவிட்டது. மோட்டாருக்குள் மிஷின் எண்ணெயை ஊற்றுவது நம்மிடையே இன்னொரு பழக்கம். சுழலும் செம்பில் எண்ணெய் பட்டால் கரியோடு சேர்ந்து களிம்பாகி மோட்டாரையே கெடுக்கும். தகட்டில் சொல்லியிருந்தால், சொன்ன இடத்தில், ஒரே ஒரு சொட்டு.

மிஷினையும் மோட்டாரையும் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குக் காந்தி ஞாபகம் வருவார். 1924ல் ஜி.ராமச்சந்திரன் என்ற இளைஞர் அவரிடம், நீங்கள் எல்லா இயந்திரத்துக்கும் எதிரியா என்று கேட்டார். பின்னாளில் திண்டுக்கல் பக்கத்தில் டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து காந்திகிராமத்தை நிறுவியவர் இவர்தான். காந்தி விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மிஷினை. மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்று அவர் நம்பினார். ராமச்சந்திரன் விடவில்லை: அந்த மிஷினைச் செய்யப் பெரிய ஆலை வேண்டுமே? ஆமாம், ஆனால் அந்த ஆலை அரசின் கையில் இருக்கட்டும் என்றார் காந்தி. சிங்கரின் நிஜ வாழ்க்கை காந்தி நம்பிய அன்புக் கதைக்கு நேர் மாறு. அவர் ஒரு நாடகக்காரர். பாஸ்டனில் ஒரு பட்டறையில் வேறொருவருடைய தையல் மிஷினைப் பழுதுபார்க்கப் போய்த் தன் மிஷினைக் கண்டுபிடித்தார். பல பெண்களோடு குடும்பம் நடத்தி 24 குழந்தைகளுக்குத் தகப்பன். அன்புக்குக் குறைவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். இருந்தாலும் காந்தியின் அளவுகோல் எனக்குப் பிடிக்கும்: உழைக்கிற உடம்பின் வலியைக் குறைக்கும் இயந்திரம் நல்லது. ஞாயிறு ராத்திரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மிதிக்கும் அக்காமார்களைப் பார்த்திருந்தால் இந்தச் சின்ன மோட்டாரையும் அவர் சேர்த்துக்கொண்டிருப்பார் என்பது என் கட்சி.

தமிழக அரசும் அதே நினைப்பில்தான் மாற்றுத்திறனாளிகளுக்கு மோட்டார் பொருத்திய தையல் மிஷின் கொடுக்கிறது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் உள்ள இலவசத் தையல் மிஷின் திட்டத்தில் வாங்கியவர்களும் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். வீடு வந்து சேர்ந்த மிஷினை ஒருமுறையாவது தூக்குக் குண்டு போட்டுப் பார்த்துவிடுங்கள். வண்டியில் ஏற்றி இறக்கிக் குலுங்கி வந்ததில் தாங்கி நகர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். புது மிஷின்தானே என்று விட்டால் பெல்ட் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

கடைசியாக வார் விஷயம். மோட்டார் மாட்டிய பிறகு தோல் வாரை ஸ்டாண்டிலேயே விட்டுவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் ஓடினால் கீழே பெரிய சக்கரமும் மிதிபலகையும் சேர்ந்து ஆடும். மோட்டாருக்கு வீண் பாரம், தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் ஆபத்தும்கூட. கழற்றிவிடுங்கள், ஆனால் தூக்கிப் போடாதீர்கள். லேசாக எண்ணெய் தடவி, சுருட்டி, டிராயரில் வையுங்கள். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயந்திரம்தான் கரண்ட் வரும், அது சில சமயம் வியாழக்கிழமையாகவும் அமைந்துவிடும். அன்றைக்கு மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு வாரை மாட்டிக்கொள்ளுங்கள். பெல்ட்டைக் கழற்ற மறந்தால் மோட்டாரையும் சேர்த்து உங்கள் கால்தான் சுற்ற வேண்டியிருக்கும்.